வெயிலுக்கு அஞ்சும் பிள்ளைகள்



இளவெயில் குழந்தைக்கு நல்லது என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆயினும் அவ்வெயிலே நஞ்சாகும் பிள்ளைகளும் உளர். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் அபூர்வத் தோல்நோயுடன் பிறந்தவர்கள் அவர்கள். பிரான்சு நாட்டில் இவர்களை 'நிலாக் குழந்தைகள்' என்றழைக்கின்றனர்.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் எல்லோருடைய தோலின் மரபுப் பொருளையும் பழுதாக்குகின்றன. நம் உடல் அப்பழுதை உடனுக்குடன் செப்பனிட்டுக்கொள்கிறது. இப்பிள்ளைகளின் உடலுக்கு அவ்வாற்றல் குறைவு. இதனை 1968-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளீவர் என்னும் அறிஞர் கண்டறிந்தார். பலருக்கு இரண்டு வயதுக்குள்ளேயே முகத்தில் புள்ளிகள் படரும். காப்பின்றி விட்டால் பத்து வயதுக்கு முன்பே தோல் புற்றுநோய் தோன்றக்கூடும். நோயை வேரறுக்கும் மருந்து இன்றளவும் இல்லை. காப்பே மருந்து.

அக்காப்பு எத்தகையது? நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, கையுறை, அகன்ற தொப்பி, கதிர் தடுக்கும் கண்ணாடி, முகமறைப்பு ஆகியவை வேண்டும். திறந்த இடங்களில் களிம்பை இரண்டு மணிக்கொருமுறை பூசவேண்டும். மேகமூட்டம் கதிர்களைத் தடுத்துவிடாது. சாதாரண சன்னற்கண்ணாடியும் ஒருவகைக் கதிரை உள்ளே விடும். ஆதலால் வீட்டிலும் பள்ளியிலும் வண்டியிலும் கண்ணாடிகளில் தடுப்புத் தாள் ஒட்டுகின்றனர். வெயில் படாமையால் குறையும் வைட்டமின் டி-யை மருத்துவர் சொற்படி கொடுக்கின்றனர். உச்சந்தலை, இமை, உதடு, நாநுனி ஈறாக உடல் முழுவதையும் அடிக்கடி பார்த்து, புதிய புள்ளியோ புண்ணோ தென்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுகின்றனர்.

இவ்வளவையும் தாய் ஒருத்தியின் தோளில் சுமத்துதல் தகுமா? தந்தை, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்காள் அனைவரும் அறிந்திருந்தாலன்றி இக்காப்பு நிலைக்காது. திருமண வீட்டில் புகைப்படத்துக்காக, "ஒரு நிமிடந்தானே, முகமறைப்பை எடுங்கள்" என்போர் உண்டு. அந்த ஒரு நிமிடங்கள் சேர்ந்தே பிள்ளையின் ஆயுளைக் குறைக்கின்றன.

இந்நோய் எவருடைய சாபமுமன்று, ஒட்டிக்கொள்வதுமன்று. நோயின்றி வாழும் தாய் தந்தை இருவருமே பழுதுற்ற மரபணு ஒன்றைத் தாங்கியிருக்கையில், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவுக்குள் மணம் புரிவோரிடையே இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு மிகுதி. எனவே மருமகளை மட்டும் பழித்தல் அறியாமையும் அநீதியுமாம்.

காப்பு வேறு, சிறை வேறு என்பதையும் மறவாதிருப்போம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இப்பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்ட கேம்ப் சன்டவுன் முகாமில், சூரியன் மறைந்த பின்னரே ஆட்டமும் பாட்டும் தொடங்கும். நம் தெருவில் இத்தகைய பிள்ளை இருந்தால், நம் பிள்ளைகளின் விளையாட்டை அந்தி சாய்ந்தபின் வைத்துக்கொள்ளலாகாதா? வகுப்பில் சன்னலிலிருந்து விலகிய இருக்கையைத் தரலாகாதா? முகமறைப்பை வெறித்து நோக்காமல், உள்ளிருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்போம். அக்குடும்பத்தின் பாரத்தில் பாதியாவது அன்று குறையும்.