ஓடியவன் யார்?

ஏப்ரல் முதல் நாள்! முட்டாள்கள் தினமாம்!

மைப்பேனாக் காலத்தில் நாமும் ஆடியதுதான், தோழர்களே! உருளைக்கிழங்கை வெட்டி, எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, மையில் தோய்த்து, நண்பனின் முதுகில் ஒரு குத்து! வில்லாபுரம் தெருவெல்லாம் சிரிப்பு. வீட்டிலே? இருந்த ஒரே பள்ளிச் சட்டையில் கறை. சிரித்தது தெரு, துவைத்தது தாய்!

எங்கே பிறந்தது இந்த வழக்கம்? பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் சார்லஸ் 1564-ல் சனவரி முதல் நாளை ஆண்டுப் பிறப்பாக்கினான். பழைய நாளை விடாதவர்களை ஊர் கேலி செய்தது. அதுவே தொடக்கம் என்பார்கள். நம்பினோம். ஆனால், 1561-லேயே பிளெமிஷ் கவிஞர் எடுவார்ட் டி டேனே இந்நாளைப் பாடிவிட்டாரே! கேளாமல் நம்பிய நாமல்லவா ஏமாந்தோம்!

அந்தப் பாட்டிலே பிரபு ஒருவன் வேலைக்காரனை வீண்வேலைக்கு விரட்டுகிறான். ஏவியவன் பிரபு, ஓடியவன் உழைப்பாளி! அன்று தொட்டு இந்தக் கேலி எளியவன் தலையிலேயே விடிய வேண்டுமா?

1957-ல் பி.பி.சி. தொலைக்காட்சி, ஸ்பாகெட்டி என்னும் மாவு இழை மரத்தில் காய்ப்பதாகக் காட்டியது. வளர்ப்பது எப்படி என்று கேட்டவர்களும் உண்டு! எவர் சட்டையும் கறைபடவில்லை. பெரிய இடம் சொன்னாலும் பொய்யாகலாம் என்ற பாடம் மிஞ்சியது.

விளையாட்டு வேண்டும். ஏழையின் சட்டையில் வேண்டாம். "சான்று எங்கே?" என்று கேட்க வைக்கட்டும். அப்படிக் கேட்பவனுக்கு ஆண்டில் எந்த நாளும் முட்டாள் தினமல்ல!