கொட்டையுடைப்பான் என்னும் பெயர்

1959ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், இன்றைய தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில், மேரி லீக்கி அம்மையார் ஏறத்தாழ 17½ இலட்சம் ஆண்டுப் பழமையுடைய மண்டையோடொன்றைக் கண்டெடுத்தனர். 'பராந்த்ரோபஸ் பாய்சி' என வழங்கும் அவ்வினத்தின் கடைவாய்ப் பற்கள் மிகப் பெரியன. மெல்லுந் தசைகள் பற்றிநிற்க உச்சியில் எலும்புமுகடும் உண்டு. உலகம் உடனே 'கொட்டையுடைப்பான்' என்று பட்டஞ் சூட்டிற்று. அப்பட்டத்தை யாம் ஒப்புகிலேம்.

2008இல் பற்பரப்பை நுண்ணோக்கியால் ஆய்ந்தோர் வன்பொருள் கடித்த குழிகளைக் கண்டிலர். 2011இல், கென்யாவிற் கிடைத்த பற்களின் கரியணுக்களை ஆய்ந்தபோது, உணவின் முக்காற்பங்கு புல், கோரை போன்ற வெப்பநிலப் பூண்டுகளே என்பது தெளிந்தது. தேவதானத்துக் கண்மாய்க்கரையில் மேயும் எருமையைக் கண்டோர்க்கு இது வியப்பன்று. நாளெல்லாம் நாருணவை அரைப்பதற்கும் பெருந்தாடை வேண்டுமன்றோ? எருமை கொட்டை உடைக்குமென எவருஞ் சொல்லார்!

நம் முன்னோரினத்தோடு ஒரே நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்த உறவினர் இவர். தாடையின் பருமையொன்றே கண்டு தொழில் கற்பித்தல் முறையோ? லூயி லீக்கியார் இட்ட 'ஜிஞ்சாந்த்ரோபஸ்' என்னும் பெயரையே அறிஞர் மாற்றிவிட்டனர். பட்டப்பெயரை மாற்றத் தடை யாது? தமிழில் நூல் எழுதுவோராயினும் 'புல்மெல்லி' என எழுதுவாராக.