பல்நோக்கு அரங்கம் சரி, யாருக்கு?

1/ புதுச்சேரியில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 26.3% பேருக்குச் சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்கு இது. நாட்டின் சராசரி 11.4%. கோவாவுக்கு அடுத்து நாமதான்.

2/ வாரம் 150 நிமிஷமாவது வேகமா நடங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாங்களும் சீட்டுல எழுதித் தர்றோம். எங்கே நடக்குறது?

3/ காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் 1985-லிருந்து இருக்கு. சுமார் 800 ஏக்கர். அங்கே விளையாட்டுக்குன்னு எழும்புற ஒவ்வொரு கட்டடமும் நம்ம வரிப்பணம். கட்டட்டும், வேணும்.

4/ ஆனா பக்கத்து மீனவர் குப்பத்துப் பையன் அங்கே ஷட்டில் ஆடலாமா? ஈ.சி.ஆர். லாரிக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் அக்கா அங்கே நடக்கலாமா? பட்டமளிப்பு, கண்காட்சி, கலைவிழா மட்டும்தான்னா அது மண்டபம்.

5/ "பாதுகாப்பு என்னாகும்?"னு கேப்பாங்க. நம்ம கடற்கரைச் சாலையைப் பாருங்க. சாயங்காலம் வண்டிகளை நிறுத்தினாங்க, ஊரே நடக்குது. கேட்டும் இல்ல, சந்தாவும் இல்ல.

6/ மாணவர்களுக்குத்தான் முதல் உரிமை. மறுக்கல. விடியற்காலை 2 மணி நேரம், ஆதார் அட்டையைக் காட்டினா உள்ளே விடுங்க. திறப்பு விழாக் கல்வெட்டுக்கு முன்னாடி "பொதுமக்கள் நேரம்"னு ஒரு பலகை மாட்டுங்க. நாங்க எழுதுற மாத்திரை கொஞ்சம் குறையும்.