சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

என் தம்பியை நான் சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவே இதை எழுதுகிறேன்.

தரம் 7இல் படிக்கும்போது வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தான். தலைக்கவசம் போடவில்லை. பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே என்ற எண்ணம். இரண்டு வாரம் வைத்தியசாலையில் இருந்தான். காயம் ஆறியது, நடந்தான், சிரித்தான். "அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டான்" என்று எல்லோரும் சொன்னோம்.

பாடசாலைக்குப் போனபின்தான் மாற்றம் தெரிந்தது. பழைய வாய்ப்பாடுகள் ஞாபகம் இருந்தன. நேற்றுப் படித்த விஞ்ஞானப் பாடம் மறந்துபோனது. கரும்பலகையில் உள்ளதை அவன் பாதி எழுதுமுன் மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். பத்து மணிக்கே களைப்பு, தலையிடி. கணிதத்தில் 80 புள்ளி எடுத்தவன் 40க்கு இறங்கினான். "பழையதெல்லாம் தெரிகிறதே, மனம் வைத்தால் படிக்கலாம்தானே" என்றோம்.

அது பிழை என்று வைத்தியர் விளக்கினார். தலையில் பலமாக அடிபட்டால் முன்பு கற்றது பெரும்பாலும் தங்கிவிடும். புதியதை மனதில் பதிப்பது, கவனத்தை நிறுத்துவது, வேகமாகச் செய்வது ஆகியவைதான் பாதிக்கப்படும். திட்டமிட உதவும் முன்மூளை 20 வயது தாண்டியும் வளர்கிறது. அதனால் சிறுவயதில் பட்ட அடி, பாடங்கள் கடினமாகும் மேல்வகுப்பில்தான் சிலருக்கு வெளிப்படும். அப்போது பழைய விபத்தை யார் நினைப்பார்கள்? பிள்ளைக்குத்தான் பழி.

நான் கேட்பது இரக்கம் அல்ல. தவணைப் பரீட்சையில் கொஞ்சம் மேலதிக நேரம், குறிப்புகளின் பிரதி, இடையில் சிறு ஓய்வு, ஒரு நேரத்தில் ஒரு வேலை. மற்றப் பிள்ளைகளுக்கு இது அநியாயம் என்று சிலர் சொல்லலாம். கண்ணாடி போடும் பிள்ளையைப் பார்த்து, அதைக் கழற்றிவிட்டுப் பரீட்சை எழுது என்று நாம் சொல்வதில்லையே!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விபத்தைப் பாடசாலைக்கு மறைக்காதீர்கள். "மூளையில் கோளாறு" என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம் உண்டு. பெண்பிள்ளை என்றால், நாளை கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்குமோ என்று இன்னும் பயம். ஆனால் மறைத்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது சோம்பேறி என்ற பெயர்தான். ஆசிரியருக்குத் தெரியாத காயத்துக்கு அவர் எப்படி இடம் கொடுப்பார்?

நேற்றிரவு தம்பி ஒரே கணக்கை மூன்றாம் தடவையாகக் கேட்டான்.

"ராத்தா, ஏச மாட்டீங்கதானே?" என்றான்.

மூன்றாம் தடவையும் சொல்லிக் கொடுத்தேன்.