ஒரு மாணவருக்கு ஒரு பெயர்

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று குமாரபாளையத்தில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். படத்துக்கு மாலை, இரண்டு நிமிட மௌனம், பிறகு ஒரு பேச்சு. கார்கில் போரில் 527 பேர் உயிர் கொடுத்தார்கள் என்றார் பேச்சாளர். கேட்ட பிள்ளைகள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. 2024இல் 'அமரன்' படம் பார்த்து மேஜர் முகுந்த் வரதராஜனுக்காகக் கண்கலங்கியவர்களும் இவர்கள்தானே! அங்கே அவர்களுக்கு ஒரு மனிதரைத் தெரிந்தது. இங்கே நாம் வெறும் எண்ணைச் சொன்னோம்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், என்.சி.சி. பொறுப்பாளர்கள், வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்: ஒரு மாணவருக்கு, போரில் இறந்த நம் பக்கத்து வீரர் ஒருவரின் பெயரைக் கொடுங்கள், அவரைப் பற்றித் தேடட்டும்.

இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பதிவேட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் உண்டு. ஆனால் நாமக்கல் மாவட்டம் என்று தேடிப் பயனில்லை. அது 1997இல்தான் பிறந்தது. சேலம் என்று தேட வேண்டும், திருச்செங்கோடு என்றும் தேட வேண்டும். காவிரிப் பாலத்துக்கு அக்கரையில் பவானிக்காரர் என்றால் கோயமுத்தூர். நம் குமாரபாளையத்தின் பெயரையே ஆங்கிலத்தில் 'கொமாரபாளையம்' என்றும் எழுதுவார்கள். அதே பெயரில் வேறு ஊர்களும் இருப்பதால், பொருத்தம் பார்க்காமல் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்.

"வெள்ளைக்காரனுக்காகச் செத்தவரை நாம ஏன் சார் நினைக்கணும்?" என்று ஒரு மாணவர் கேட்பார். தயவுசெய்து அடக்கிவிடாதீர்கள். 1944இல் கோகிமா, இம்பால் போர்க்களத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் எதிரெதிரே நின்றன. கோகிமா தகன நினைவுச் சின்னத்தில் மட்டும் 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் போனவர்களின் கதையை வைத்து மாணவர்களே வாதாடட்டும். மாண்டவர் பெயரை நினைவில் வைப்பது நமக்குப் புதிதல்ல: ஆநிரை மீட்டு மாண்டவனுக்குப் பெயரெழுதி நடுகல் நாட்டிய மண் நம்முடையது. தருமபுரி, செங்கம் பக்கம் அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. ஒருமுறை அழைத்துப் போங்கள்.

அண்மைக் காலத்தில் மகனை இழந்த வீடு என்றால் நிதானம் வேண்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் குடும்பத்தின் சம்மதம் கேளுங்கள். இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். அந்தத் தாய் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டவே கூடாது.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உண்டியலோடு கடைவீதிக்குப் போகும் மாணவர், சட்டையில் கொடி குத்தும்போது தான் தேடிய வீரரின் பெயரையும் ஊரையும் சொல்லட்டும். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். ஜனவரி இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.