பாங்கு சொல்லும் போன் யாருக்குத் தகவல் சொல்கிறது?



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தாலும் வாசித்து முடித்த பிறகு வரட்டும்.

மாலை வகுப்புக்கு வாப்பாவின் போனோடு வந்த எட்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சேர், குர்ஆன் அப்புல சூது விளம்பரம் வருது" என்று காட்டினான். உண்மைதான். இலவசக் குர்ஆன் செயலி. ஒரு சூராவுக்கும் அடுத்த சூராவுக்கும் நடுவில் கிரிக்கெட் பந்தயம். வாப்பா இரவில் ஸ்கோர் பார்ப்பவராம். அங்கே யாரோ குறித்துக்கொண்டதுதான் இங்கே வந்து நின்றிருக்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? நம் மூலைக்கடை முதலாளியிடம் ஒரு கடன் கொப்பி இருக்கும். யார் என்ன வாங்கினார் என்று அதில் எழுதுவார். அதில் குற்றமில்லை, அது அவருடைய கடை. ஒரு இணையத்தளம் நம்மை நினைவு வைக்க போடும் 'குக்கி'யும் அப்படித்தான். ஆனால் காத்தான்குடி பிரதான வீதியில், பேரீச்ச மரங்களுக்குக் கீழே ஒருவன் நின்று, நாம் எந்தக் கடைக்குள் போனோம், எந்த டொக்டரிடம் போனோம், எத்தனை மணிக்கு வீடு திரும்பினோம் என்று பின்னாலேயே வந்து எழுதினால் சும்மா விடுவோமா? மூன்றாம் ஆளின் குக்கி என்பது அவன்தான். செயலிகளுக்குள் அதே வேலைக்கு நம் போனுக்கு ஒரு விளம்பர இலக்கம் இருக்கிறது. தெருவில் என்றால் சட்டையைப் பிடிப்போம். போனில் என்றால் "ஓகே" அழுத்துகிறோம்.

"விளம்பரம்தானே, வந்தால் வரட்டும்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற அமெரிக்க ஊடகம் ஒரு விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது. உலகெங்கும் 98 மில்லியனுக்கு மேல் தரவிறக்கப்பட்ட 'முஸ்லிம் புரோ' தொழுகைச் செயலியிலிருந்து, பாவனையாளர்கள் இருக்கும் இடம் எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபாரிக்குப் போயிருக்கிறது. எக்ஸ்-மோடின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். செய்தி வந்த பிறகு, அந்தத் தொடர்பை அறுத்துக்கொள்வதாகச் செயலியின் நிறுவனம் அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, வணக்கத்தலங்கள், மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்கு யார் போனார் என்ற தரவை விற்கக்கூடாது என்று எக்ஸ்-மோடுக்குத் தடை போட்டது. அதுவரைக்கும் கிப்லா பார்க்கக் கொடுத்த அனுமதி, நாம் எங்கே நிற்கிறோம் என்பதை விற்கும் அனுமதியாகவும் இருந்திருக்கிறது.

நாம் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். வீதிக்கு வீதி பள்ளிவாசல் உள்ள ஊர்கள் நம்முடையவை. மஃரிப் பாங்கு வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்கும். வருடம் முழுவதற்குமான நேரசூசி பள்ளிச் சுவரில் தொங்குகிறது. கிப்லா மேற்குக்குச் சற்று வடக்கே என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவும் இருந்தும், தொழுகை நேரம் அறிய இருபத்திநான்கு மணி நேரமும் நம்மைப் பின்தொடர ஒருவனை வைத்திருக்கிறோம்.

"எங்களிட்ட மறைக்க என்ன இருக்கு?" இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்கலாம். நாம் கேட்கலாமா? 2019 ஏப்ரலை மறந்துவிட்டோமா? தேடுதல் நடந்த நாட்களில், போனில் என்ன இருக்கிறதோ என்று பயந்து, பயான்களையும் படங்களையும் இரவோடிரவாக அழித்தவர்கள் நாம். அந்த மே மாதம் ஹஸலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவருடைய உடுப்பில் இருந்தது கப்பல் சுக்கான். பார்த்தவர்களுக்கு அது தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. அவரிடம் மறைக்க என்ன இருந்தது? குற்றம் உடுப்பில் இருக்கவில்லை, பார்த்த கண்ணில் இருந்தது. இன்று நம்மைப் பற்றிச் சேரும் தகவலை நாளை எந்தக் கண் பார்க்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் சேரவிடக்கூடாது என்கிறோம்.

"விளம்பரத்தைத் தடுத்தால் அவர்களுடைய வருமானத்தைத் திருடுவதாகாதா?" என்று ஒரு மௌலவி கேட்டார். நல்ல கேள்வி. கடைக்கு வெளியே பெயர்ப்பலகை போடுவதை நாம் மறுக்கவில்லை. நம் வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்ப்பதையே மறுக்கிறோம். அனுமதியின்றி அடுத்தவர் வீட்டுக்குள் நுழையாதே என்று சூரா அந்நூரும், துருவித் துருவி உளவு பார்க்காதே என்று சூரா அல்ஹுஜுராத்தும் நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றன. எட்டிப் பார்ப்பவனுக்குத் திரை போடுவது திருட்டல்ல. நல்ல செயலி என்றால் சல்லி கொடுத்து வாங்குவோம்.

சட்டம் காப்பாற்றுமா? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025 மார்ச்சில் முழுமையாக அமுலாக வேண்டியது, பின்போடப்பட்டது. கூகுள்? மூன்றாம் ஆளின் குக்கிகளை குரோமிலிருந்து நீக்குவோம் என்று 2020 இல் சொன்னார்கள், 2024 இல் பின்வாங்கினார்கள். அவர்களுடைய வருமானமே விளம்பரம். பூனையிடம் கருவாட்டுக்குக் காவல் கேட்க முடியாது.

ஆகவே நாமே செய்வோம். பத்து நிமிட வேலை:

1. தொழுகைச் செயலிக்கு இருப்பிட அனுமதியை நிறுத்துங்கள். ஊரின் பெயரைக் கையால் தெரிவு செய்தால் போதும்.

2. அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், கூகுள், விளம்பரங்கள் என்று போய் விளம்பர இலக்கத்தை அழியுங்கள். ஐபோனில் செயலி பின்தொடர அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

3. அண்ட்ரொய்ட் போனில் பயர்பொக்ஸ் போட்டு, அதில் யுபிளொக் ஒரிஜின் சேருங்கள். இரண்டும் இலவசம். குரோம்தான் வேண்டுமென்றால், அதன் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்துவிடுங்கள்.

4. 2018 இலும் 2019 இலும் பேஸ்புக் முடக்கப்பட்டபோது அவசரத்தில் போட்ட இலவச விபிஎன் இன்னும் இருந்தால் அழியுங்கள். உங்கள் இணையப் போக்குவரத்து முழுக்க அவன் வீட்டு வாசலால்தான் போகிறது.

பள்ளி நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு ஜும்ஆ குத்பாவை இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர்களாகிய நாமும் தப்ப முடியாது. கொரோனாக் காலத்தில் கிடைத்த லிங்க், கிடைத்த செயலி எல்லாவற்றையும் வகுப்புக் குழுக்களில் அனுப்பி, பிள்ளைகளுக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டதில் நமக்கும் பங்குண்டு.

இன்று இஷாவுக்குப் பிறகு பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு முதலாவதைச் செய்யுங்கள். உம்மாவின் போனையும் மறக்க வேண்டாம்.