கண்ணில் படாத கொல்கத்தா

மேற்கு வங்கத்தின் மாவட்டங்களின் எண்ணிக்கை 2017இல் 23 ஆனது. ஆங்கில அகரவரிசையில் அலிப்பூர்துவார் முதலாவது, உத்தர் தினாஜ்பூர் கடைசி. தலைநகரான கொல்கத்தாவுக்கு 12ஆவது இடம், சரியாக நடுவில். ஒரு சமயத்தில் பத்துப் பெயர்கள் மட்டுமே தெரியும் கம்ப்யூட்டர் ஜன்னலில் இந்தப் பட்டியலைப் போட்டால், கொல்கத்தாவாசிக்குத் தன் ஊரே காணாமல் போய்விடும். ஓரத்திலுள்ள பட்டையை இழுக்க வேண்டும் என்று தெரியாதவர், கண்ணுக்குத் தெரியும் ஹவுராவைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் ஹூக்ளிக்கு அக்கரையில் போய் நிற்கும்.

பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க உதவும் வட்டக் குறிக்கு ரேடியோ பட்டன் என்று பெயர். பழைய கார் ரேடியோக்களில் ஒரு பொத்தானை அமுக்கினால், ஏற்கெனவே உள்ளே இருந்த பொத்தான் வெளியே துள்ளும். பெயர் வந்தது அங்கிருந்துதான். ஆனால் அந்த ரேடியோவில் எல்லாப் பொத்தான்களும் கண்ணெதிரே இருந்தன.

தேர்தலிலும் இதே சிக்கல் உண்டு. 1996 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச் சீட்டு புத்தகமாகிவிட்டது. 2001இல் மேற்கு வங்கம் முழுவதும் மின்னணு இயந்திரத்தில் வாக்களித்தபோது, ஒரு பெட்டியில் 16 பெயர்களுக்கு இடம் இருந்தது. அதற்கு மேல் போனால் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைக்கலாம். எந்தப் பெயரையும் மறைத்து வைக்கும் பேச்சே இல்லை.

கம்ப்யூட்டரிலும் இதைச் செய்யலாம். 23 பெயர்களை எட்டெட்டாக மூன்று வரிசையாக நிறுத்தினால், பெரும்பாலும் இழுக்கும் வேலையே வராது. ஜன்னல் சிறியது, இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சில நுணுக்கங்கள் உண்டு. பைதான் மொழியின் டிகிண்டரில் ஃபிரேம் என்ற சட்டம் தானாக நகராது. அதை நகரக்கூடிய கேன்வாஸுக்குள் வைத்து, பொத்தான்களை எல்லாம் அடுக்கி முடித்தபின் மொத்த நீள அகலத்தைக் கேன்வாஸுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டை தெரியும், பட்டியல் ஒழுங்காக நகராது. 23 பொத்தான்களும் ஒரே மாறியைப் பகிர வேண்டும். தனித்தனி மாறி கொடுத்தால் ஒருவரே இரண்டு மாவட்டத்துக்காரர் ஆகிவிடுவார்.

இன்னும் முக்கியமானவை இரண்டு. தேர்ந்தெடுத்த பெயரும் 'சரி' என்ற பொத்தானும் நகரும் பகுதிக்கு வெளியே, எப்போதும் தெரியும்படி இருக்க வேண்டும். முதல் பெயரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கவும் கூடாது. வைத்தால் அவசரக்காரர்கள் எல்லாரும் அலிப்பூர்துவார்வாசிகள் ஆகிவிடுவார்கள்.

சால்ட் லேக் செக்டார் ஃபைவில் பெரிய திரை முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவருக்கு 23 பெயர்களும் ஒன்றாகவே தெரியும். விண்ணப்பிக்க வருபவர் முன்னால் இருப்பது பழைய சின்னத் திரையாக இருக்கலாம். அதில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அனுப்பினால் போதும், கொல்கத்தா காணாமல் போகாது.